முகமும் பெயரும் இல்லையென்றால் போதுமா? ஆம்புலன்ஸ் ரீல்ஸ் பற்றி ஒரு கேள்வி

இரவுப்பணி_மாறன் (இழையைத் தொடங்கியவர்)

ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவர் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். கெட்ட ஆள் இல்லை. வேலையில் கெட்டிக்காரர், சிபிஆர் கொடுக்க அவர் இறங்கினால் எங்களுக்கே ஒரு தெம்பு வரும். ஆரம்பத்தில் முதலுதவிக் குறிப்புகள்தான் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேஸ் முடிந்து வண்டியைக் கழுவி முடிப்பதற்குள் ரீல் ஏறிவிடுகிறது. ரத்தம் படிந்த கையுறை, ஸ்ட்ரெச்சரிலிருந்து தொங்கும் ஒரு கை, பின்னணியில் சோக இசை, கீழே "இன்று, 24 வயசு, பைக், ஹெல்மெட் இல்லை, நாங்க போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்று ஒரு வரி.

முகம் இல்லை, பெயர் இல்லை. கேட்டால், "யாருன்னு யாருக்குத் தெரியும்? இதைப் பார்த்து நாலு பேர் ஹெல்மெட் போட்டா நல்லதுதானே" என்கிறார். எனக்கு உறுத்துகிறது, ஆனால் எடுத்துச் சொல்லச் சரியான பதில் இல்லை. தப்பு சரியாக எந்த இடத்தில் இருக்கிறது? மேலிடத்தில் புகார் கொடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அவரோடு இன்றைக்கும் அதே வண்டியில்தான் ஏறப்போகிறேன்.

ஸ்டியரிங்_ராஜா

மாறன் தம்பி, நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், உன் கூட்டாளி பக்கம் நின்றுதான் பேசுவேன். நாம் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே இருபது போன் தூக்கிப் பிடித்திருக்கும். அடிபட்டவன் முகத்துக்கு நேராக வைத்து லைவ் போடுகிறார்கள், வழி விடுங்கள் என்றால் நம்மையும் சேர்த்துப் படம் எடுக்கிறார்கள். அவர்களை ஒருத்தரும் கேட்பதில்லை. ராத்திரி முழுக்க அள்ளிக்கொண்டு வந்தவன், மனசு ஆறாமல், முகம் காட்டாமல் ரெண்டு வரி எழுதினால் மட்டும் குற்றமா? எங்களுக்கென்று கவுன்சிலிங்கா வைத்திருக்கிறார்கள்? வீட்டில் சொல்ல முடியாது, பிள்ளைகள் பயப்படும். எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும்.

தையல்நூல்

அவசரப் பிரிவில் நர்ஸ் நான். "யாருன்னு யாருக்குத் தெரியும்" என்று உங்கள் நண்பர் கேட்கும்போது அவர் மனதில் இருப்பது முன்பின் தெரியாத பத்தாயிரம் ஃபாலோயர்கள். அவர்களுக்குத் தெரியாதுதான். தெரிந்தாலும் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்டுபிடிக்கக்கூடியவர்கள் வேறு பத்துப் பேர். அம்மா, மனைவி, கூடப் படித்தவன், பக்கத்து வீட்டுக்காரர், கடன் கொடுத்தவர், சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த குடும்பம். அவர்களுக்கு முகமே வேண்டாம். மணிக்கட்டில் இருக்கும் கயிறு போதும், சட்டையின் நிறம் போதும், "இன்று, 24, பைக்" போதும். நோயாளியின் அந்தரங்கம் உடைவது பெரும்பாலும் இந்தப் பத்துப் பேரிடம்தான், உடைந்து அவருக்கு வலிப்பதும் இவர்களிடம்தான்.

இன்னொன்று, "கேஸ் முடிந்து வண்டியைக் கழுவி முடிப்பதற்குள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று யோசியுங்கள். டாக்டர் இன்னும் இறப்பை எழுதியிருக்க மாட்டார், அம்மாவுக்கு "சீரியஸாக இருக்கிறார், வாருங்கள்" என்று மட்டும்தான் போனில் சொல்லியிருப்போம். அவர் வரும் வழியிலேயே யாரோ ஒரு உறவினர் அந்த ரீலைப் பார்த்து போன் போட்டால்? சாவுச் செய்தியைச் சொல்ல எங்களுக்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறது. உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், நேராகச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு எழுந்து போகக்கூடாது. சோக இசையோடு போனில் வந்து விழக்கூடாத செய்தி அது.

நியூயார்க்கில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். 2011ல் விபத்தில் அடிபட்டு ஒரு பெரிய மருத்துவமனைக்கு வந்தவரை, டிவி நிகழ்ச்சிக்காக அங்கே இருந்த குழு படம் எடுத்தது. அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு முகத்தை மங்கலாக்கி, பெயர் சொல்லாமல் ஒளிபரப்பினார்கள். வீட்டில் தற்செயலாக டிவி பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி பார்த்த உடனே அறிந்துகொண்டார். படம் எடுத்தார்கள் என்பதே அதுவரை அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. அந்த மருத்துவமனை 2016ல் அமெரிக்க சுகாதாரத் துறைக்கு 22 லட்சம் டாலர் கட்டியது. முகம் மறைத்திருந்தது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அரைநாள்_வக்கீல்

சிஸ்டர் சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், எனக்கு அது வராது.

அமெரிக்காவில் மருத்துவத் தகவலின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா விதியில் ஒரு மருத்துவத் தகவலை "அடையாளம் நீக்கியது" என்று சொல்ல ஒரு வழி, 18 வகை அடையாளங்களை எடுத்துவிடுவது. பெயரும் முழு முகப் படமும் அதில் இரண்டுதான். வருடம் தவிர்த்த தேதிகள், மாநிலத்தைவிடச் சிறிய இடத்தின் விவரம், 89 வயதுக்கு மேற்பட்டவரின் வயது எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. "இன்று" என்று எழுதிய உடனே தேதி வெளியே போய்விட்டது, எந்த வண்டி எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று தெரிந்தவருக்கு இடமும் தெரிந்துபோய்விட்டது. இவ்வளவு கறார் எதற்கு என்றால், லத்தான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 90களில் ஒரு வேலை செய்தார். பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைத் தரவையும், விலைக்குக் கிடைத்த வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, மாசசூசெட்ஸ் ஆளுநரின் மருத்துவப் பதிவையே கண்டுபிடித்தார். பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியலாம் என்று 2000ல் எழுதினார். வெறும் பட்டியலுக்கே இந்தக் கதி. படத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாறனின் நண்பருக்கு நேராகப் பொருந்தும் சம்பவம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்தது. அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவர் தன் பணி அனுபவத்தை ஃபேஸ்புக்கில் எழுதினார். பெயர் எழுதவில்லை. காயத்தின் தன்மையை வைத்தே வெளியாள் ஒருவர் நோயாளி யார் என்று கண்டுகொண்டார். மருத்துவருக்கு அந்த மருத்துவமனையில் வேலை போனது, 2011ல் மருத்துவ வாரியம் கண்டித்து 500 டாலர் அபராதமும் போட்டது. வெளியிட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை என்பதை வாரியமும் ஏற்றுக்கொண்டது, ஆனாலும் தண்டனை தண்டனைதான்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. இந்தியாவில் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ கேஸ் விவரத்தையோ அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் அது பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு எழுதியது. ஆம்புலன்ஸில் போகிறவர்களுக்கு வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் பல இடங்களில் முதல் வேலி. அதை எடுத்து ஒருமுறை படியுங்கள், பெரும்பாலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஈரக்குடை

நான் மருத்துவத் துறை இல்லை. என் தம்பிக்காக ஆம்புலன்ஸ் கூப்பிட்டவள். அவன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தான், பிழைத்துவிட்டான், வந்தவர்கள் அருமையாக வேலை செய்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் நன்றியோடுதான் இருக்கிறேன். இரண்டு நாள் கழித்து அந்தக் குழுவில் ஒருவர் பதிவு எழுதியிருந்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. "கடைசி வருடம் படிக்கும் மாணவர், மாடி அறை, கதவை உடைத்து உள்ளே போனோம், மேசையில் மார்க் ஷீட்". மாணவர்கள் மனம் தளரக்கூடாது என்று முடித்திருந்தார். நல்லெண்ணம்தான்.

நாங்கள் உறவினர்களிடம் வயிற்றுக் கோளாறு என்று சொல்லியிருந்தோம். கதவு உடைந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருந்தது, அந்தப் பதிவு வந்ததும் காரணமும் சேர்ந்துகொண்டது. தம்பி வகுப்புக்குத் திரும்பிப் போகவே இல்லை. அவனுக்கு எல்லோரும் ஆறுதல் சொல்ல வந்தார்கள், அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பது அவன் முடிவாக இருந்திருக்க வேண்டும். 

திட்டுவதற்காக எழுதவில்லை. முகம் இல்லை, பெயர் இல்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள், அதற்காக எழுதினேன்.

இரவுப்பணி_மாறன்

அக்கா, எழுதியதற்கு நன்றி. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தம்பி இப்போது பரவாயில்லையா?

ஈரக்குடை

பரவாயில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கிறான்.

டாக்டர்_ட்ரியாஜ்

ஈரக்குடை அவர்கள் சொன்னதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும், மேசையில் இருந்த மார்க் ஷீட். அது எங்கள் கண்ணில் படவே படாது. மருத்துவமனையில் எங்களிடம் வரும் நோயாளி தன் வீட்டை வெளியே விட்டுவிட்டுத்தான் வருகிறார். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று கொஞ்சமாவது தேர்வு செய்துகொண்டு வருகிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் அப்படி இல்லை. படுக்கையறை வரைக்கும் போகிறார்கள். தலையணைக்குக் கீழே இருக்கும் மாத்திரை அட்டை, கட்டிலுக்கு அடியில் பாட்டில், கழுவாத பாத்திரம், கணவன் மனைவி தனித்தனி அறையில் படுப்பது, வயதானவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது, எல்லாம் கண்ணில் படுகிறது. இதில் பாதி சிகிச்சைக்குத் தேவை, அதனால் பார்க்கத்தான் வேண்டும், எங்களிடம் சொல்லத்தான் வேண்டும். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்த பாராமெடிக்கால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் அது கைமாற வேண்டிய இடம் எங்கள் கை ஒன்றுதான்.

ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. சிகிச்சையின்போது கண்டது கேட்டது மட்டுமல்ல, சிகிச்சைக்கு வெளியே மனிதர்களின் வாழ்க்கையில் கண்டு கேட்டதையும் வெளியே பேசக்கூடாது என்று அதில் இருக்கிறது. அன்றைக்கு வைத்தியர் நோயாளியின் வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தார் என்பதால் அப்படி எழுதினார்களோ என்னவோ. இன்றைக்கு அந்த வரி எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா பிரகடனம் இன்னொன்று சேர்க்கிறது, நோயாளி இறந்த பிறகும் ரகசியம் ரகசியம்தான். ஹிப்பாவில் இறந்த பிறகும் 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. "அவர்தான் இறந்துவிட்டாரே" என்பது சாக்கு ஆகாது.

தற்கொலை முயற்சி பற்றி யாருமே எழுதாதீர்கள், அது தனி. என்ன முறை, எந்த இடம் என்று விவரிப்பது மற்றவர்களையும் தூண்டக்கூடும் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கே அதற்கென்று வழிகாட்டி வைத்திருக்கிறது. 

ஸ்டியரிங்_ராஜா

தங்கச்சி எழுதியதைப் படித்தபின் வாதாட மனசு வரவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான், பதில் வரவில்லை. வேடிக்கை பார்க்கிறவனை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? வக்கீல் சார்?

அரைநாள்_வக்கீல்

விடவில்லை அண்ணே, எல்லா நாட்டிலும் விடுகிறார்கள் என்பதும் இல்லை. ஜெர்மனியில் தண்டனைச் சட்டம் 201ஏ என்று ஒன்று இருக்கிறது. உதவியற்ற நிலையில் இருக்கும் ஒருவரை அந்த நிலையைக் காட்டும்படி படம் எடுத்துப் பரப்பினால், எடுத்தவர் யாராக இருந்தாலும், இரண்டு ஆண்டு வரை சிறை. விபத்தில் இறந்தவர்களைப் படம் எடுப்பதையும் 2021 முதல் அதில் சேர்த்துவிட்டார்கள். சாலையில் வேடிக்கை பார்த்துப் படம் எடுப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதைச் சேர்த்தார்கள். மற்ற பல நாடுகளில் பொது இடத்தில் எடுத்த படம் என்று தப்பித்துக்கொள்கிறார்கள், அது சட்டத்தின் ஓட்டை.

ஆனால் உங்களுக்கும் வேடிக்கை பார்ப்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார். உங்களுக்குக் கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார்கள், கதவைத் திறந்து விட்டார்கள், சட்டையைக் கத்தரிக்க விட்டார்கள். அந்தச் சீருடை இல்லாவிட்டால் நீங்கள் எடுத்த படத்தை எடுத்திருக்கவே முடியாது. 

ஃபைல்_ஃபோல்டர்

நான் மென்பொருள் ஆள். ரீலை விடுங்கள், படம் எடுத்த நொடியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை. லொக்கேஷன் ஆன் ஆகியிருந்தால் போன் அந்தப் படத்துக்குள்ளேயே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் எழுதிவைக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் கழலாது. தெளிவாக வரட்டும் என்று நிறையப் பேர் டாக்குமென்டாகத்தான் அனுப்புகிறார்கள். அப்புறம் கேலரி தானாகவே கிளவுடுக்கு ஏறுகிறது, வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் டேப்லெட்டில் அதே அக்கவுன்ட் இருந்தால் அங்கேயும் போய் நிற்கும். குரூப்பில் "எண்டு டு எண்டு என்க்ரிப்ஷன்" இருக்கிறதே என்பார்கள். அது வழியில் திருடுபவனைத்தான் தடுக்கும், குரூப்பில் இருக்கும் நாற்பது பேரின் கேலரியில் சேமிப்பாவதை அது தடுக்காது. மறைந்துபோகும் செய்தி போட்டாலும் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

மறைப்பதிலும் கோளாறு. ஹைலைட்டர் பேனா மாதிரியான கருவியால் கறுப்படிப்பார்கள், வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே இருப்பது தெரிந்துவிடும். மானிட்டர் திரையில் பெயர், கண்ணாடியில் பிரதிபலிப்பு, பின்னால் வண்டி எண், படத்தில் இல்லாத ஆனால் ஆடியோவில் இருக்கும் வாக்கி டாக்கி குரல். முகத்தை மறைத்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

டாக்டர்_ட்ரியாஜ்

வாட்ஸ்அப் பேச்சு வந்ததால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். எல்லாப் படமும் தப்பு என்று கிளம்பிவிடக் கூடாது. நெஞ்சுவலிக்காரரின் ஈசிஜியை வண்டியிலிருந்தே படம் எடுத்து அனுப்புகிறார்கள், நாங்கள் பார்த்துவிட்டு அடைப்பு எடுக்கும் அறையைத் தயார் செய்துவிடுகிறோம். அதில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் காப்பாற்றப்படும் இதயத்தசை. விபத்து வண்டி எப்படி நசுங்கியிருக்கிறது என்ற படம் உள்காயத்தை யூகிக்க உதவும். இதெல்லாம் சிகிச்சைதான். ஆனால் போவது சிகிச்சை பார்ப்பவருக்கு மட்டும் போக வேண்டும், மருத்துவமனை ஒப்புக்கொண்ட வழியில் போக வேண்டும், பெயருக்குப் பதில் கேஸ் எண் இருக்க வேண்டும் (எண் கூட இல்லாமல் அனுப்பாதீர்கள், ஒருவர் ஈசிஜிக்கு இன்னொருவரைத் தயார் செய்த கதை ஆகிவிடும்), ஒப்படைத்ததும் போனிலிருந்து போய்விட வேண்டும். "நம்ம பசங்க குரூப்" என்று ஒன்று எல்லா இடத்திலும் இருக்கிறதே, வேலையை விட்டுப் போனவர்கள்கூட இன்னும் உள்ளே இருப்பார்கள், அது இந்தக் கணக்கில் வராது.

அங்கே போடுவது "வெளியே போகாது" என்பவர்களுக்கு: 2020 ஜனவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையண்டும் அவருடைய 13 வயது மகளும் இன்னும் 7 பேரும் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்கள். ஷெரிஃப் துறை போலீசாரும் தீயணைப்புத் துறையினரும் சம்பவ இடத்தில் எடுத்த படங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள், ஒருவர் மதுக்கடையில் வைத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் படங்கள் இணையத்தில் வரவே இல்லை. அப்படியிருந்தும் 2022 ஆகஸ்டில் ஜூரி இரண்டு குடும்பங்களுக்கு 3 கோடியே 10 லட்சம் டாலர் தரச் சொன்னது. என்றைக்காவது வந்துவிடுமோ என்று அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா. இடையிலேயே கலிஃபோர்னியா, சம்பவ இடத்துக்கு முதலில் போகும் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்கள் வேலைக்குத் தேவையில்லாமல் இறந்தவர்களைப் படம் எடுப்பதே குற்றம் என்று சட்டம் போட்டுவிட்டது.

கேள்விக்குறி

எல்லோரும் நல்லபிள்ளையாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். இந்த "நோயாளி அந்தரங்கம்" என்பதை நிர்வாகம் எப்போது எடுக்கும் தெரியுமா? ஆக்சிஜன் சிலிண்டர் காலி என்று எவனாவது படம் போட்டால். ஸ்ட்ரெச்சர் சக்கரம் உடைந்திருக்கிறது என்று சொன்னால். மற்ற நேரத்தில் அதே நிர்வாகத்தின் பக்கத்தில் "ஆம்புலன்ஸிலேயே சுகப்பிரசவம், எங்கள் வீரர்களுக்கு வாழ்த்துகள்" என்று தாய் முகம், பிள்ளை முகம் எல்லாம் போட்டு லைக் வாங்குவார்கள். அந்தத் தாயிடம் யார் கேட்டார்கள்? ஊழியன் போட்டால் விதிமீறல், நிர்வாகம் போட்டால் விழிப்புணர்வா?

தையல்நூல்

கேள்விக்குறி சொல்வது நியாயம், இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் இருந்தேன். அந்தரங்கம் நோயாளியுடைய சொத்து. நிர்வாகத்துடையது அல்ல. அதை நிர்வாகம் தன் முகத்தைக் காப்பாற்றக் கேடயமாகப் பிடிக்க முடியாது, தன் விளம்பரத்துக்கு எடுத்துச் செலவழிக்கவும் முடியாது. காலி சிலிண்டரில் நோயாளி இல்லை. உடைந்த சக்கரத்தில் நோயாளி இல்லை. (முதலில் எழுத்தில் புகார் கொடுத்துத் தேதி போட்ட நகல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.) ஆனால் அந்தச் சிலிண்டர் காலியாக இருந்ததால் மூச்சுத் திணறியவரைக் காட்டி நிரூபிக்கப் பார்த்தால் அங்கே வேறு ஆளின் செலவில் உங்கள் போராட்டம் நடக்கிறது.

பிரசவ வீடியோ என்னை ரொம்பவே கடுப்பேற்றும் விஷயம். "கேட்டுவிட்டுத்தான் எடுத்தோம்" என்பார்கள். எப்போது கேட்டீர்கள்? வலியில், பாதி மயக்கத்தில், அவரும் குழந்தையும் உங்கள் கையில் இருக்கும்போது. அந்த நிலையில் எந்தப் பெண் வேண்டாம் என்பாள், கோபித்துக்கொண்டு பிள்ளையைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று அவளுக்குத் தோன்றாதா? சம்மதம் வேண்டுமானால் அவர் தேறி வீட்டுக்குப் போன பிறகு, வேறு ஆள் போய், எங்கே போடப்போகிறோம் என்று காட்டி, எப்போது வேண்டுமானாலும் நீக்கச் சொல்லலாம் என்றும் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் நிறையப் பேர் சந்தோஷமாகவே தருவார்கள். குழந்தைக்கு மட்டும் யார் சம்மதம் கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

மட்டுறுத்தினர்

மேலே ஒருவர் "இந்த ரீல்தானே" என்று இணைப்புப் போட்டிருந்தார். எடுத்துவிட்டேன். இந்த இழையிலேயே இதைச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை. தொடருங்கள்.

ஸ்டியரிங்_ராஜா

😀 மட்டுறுத்தினருக்கு ஒரு சல்யூட்.

இன்னொரு சந்தேகம், இது நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எங்கள் வண்டி தாமதமாக வந்ததால்தான் உயிர் போனது என்று ஒரு குடும்பம் வீடியோ போட்டது. கமென்ட்டில் கொலைகாரன் என்கிற அளவுக்குத் திட்டு. அழைப்பு வந்ததும் நாங்கள் கிளம்பியதும் கன்ட்ரோல் ரூம் பதிவில் இருக்கிறது, அவர்கள் கூப்பிட்டதே தாமதம், அங்கே போனபோது அவர் என்ன நிலையில் இருந்தார் என்பதும் எங்களுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்க வேண்டுமா? அவர்களே கேஸைப் பொதுவில் வைத்துவிட்டார்களே, பிறகு என்ன ரகசியம்?

அரைநாள்_வக்கீல்

கஷ்டமான கேள்வி அண்ணே, ஆனால் பதில் பிடிக்காது. அவர்கள் தங்கள் கதையைச் சொல்லலாம், அது அவர்கள் உரிமை. அதனால் உங்கள் வாயிலிருந்து சொல்ல உரிமை வந்துவிடாது. 2019ல் ஒரு பல் மருத்துவமனை, தன்னைப் பற்றி மோசமாக விமர்சனம் எழுதிய நோயாளிக்குப் பதில் எழுதும்போது அவருடைய பெயரின் ஒரு பகுதியையும் உடல்நிலை விவரத்தையும் எழுதிவிட்டது. 10,000 டாலர் கட்ட வேண்டி வந்தது. விமர்சனத்தை ஆரம்பித்தது நோயாளிதான்.

நீங்கள் அவரை ஏற்றிச் சென்றீர்கள் என்று ஒப்புக்கொள்வதுகூட ஒரு தகவல். அதனால் தனி அக்கவுன்டிலிருந்து ஒரு வரிகூட எழுதாதீர்கள். பதிவை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, விசாரணை கேளுங்கள், பொதுவாக ஒரு அறிக்கை விடச் சொல்லுங்கள். நிர்வாகம் உங்களைக் கைவிட்டால் சங்கம் மூலம் கேளுங்கள். கன்ட்ரோல் ரூம் பதிவு ஃபேஸ்புக்கில் இருப்பதைவிட விசாரணையில் பத்து மடங்கு பலம்.

டாக்டர்_ட்ரியாஜ்

ராஜா சார் முதலில் கேட்ட இன்னொன்று அப்படியே நிற்கிறது, எங்கே கொட்டுவது என்று. அதை அலட்சியம் செய்தால் இந்த இழைக்கே அர்த்தம் இல்லை. ராத்திரி பார்த்ததை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்வது நடக்காத காரியம். ரகசியக் காப்பு என்றால் ஊமையாக இருப்பது இல்லை. கூட இருந்த குழுவோடு, அதே ராத்திரி, வண்டிக்குள்ளேயே பேசுங்கள். எங்களோடு பேசுங்கள், பல டாக்டர்கள் கேஸ் என்ன ஆனது என்று சொல்லத் தயாராகவே இருப்பார்கள், உங்கள் கேஸ் எப்படி முடிந்தது என்றே தெரியாமல் போவதுதான் பாதிப் பாரம். வீட்டில் "இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளை கேஸ், முடியவில்லை" என்று சொல்லலாம், அதற்கு மேல் விவரம் வேண்டாம். எழுத வேண்டுமென்றால் உங்களைப் பற்றி எழுதுங்கள். கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, அடுத்த அழைப்பு வந்தபோது எழுந்திருக்க மனம் வரவில்லை. அது உங்களுடையது, யாரும் தடுக்க முடியாது. நோயாளி இல்லாமலே அது முழுசாக நிற்கும்.

அநாமதேய அக்கவுன்ட் என்று ஒரு வழி சொல்வார்கள். பணி நேரம், பதிவு நேரம் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உடன் வேலை செய்பவர்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரவுப்பணி_மாறன்

இழையை அவரிடம் காட்டவில்லை, ஆனால் ஷிஃப்ட் நடுவில் பேசினேன். சட்டம் சொன்னபோது சிரித்தார், அபராதம் சொன்னபோதும் சிரித்தார். "அம்மா வந்துக்கிட்டிருக்கும்போது ரீல் போயிருந்தா?" என்று கேட்டேன், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேஸ் ரீல்களை எடுத்துவிட்டார், எல்லாவற்றையும் இல்லை, இரண்டு இன்னும் இருக்கின்றன, அதில்தான் வியூஸ் அதிகம் என்கிறார். பக்கத்தை மூட மாட்டாராம். பொம்மையை வைத்து சிபிஆர், ஆம்புலன்ஸுக்கு எப்படி வழி விடுவது, அழைக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் போடப்போகிறாராம். அதில் ஏதாவது பார்க்க வேண்டியது உண்டா?

தையல்நூல்

அந்த இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள், வியூஸ் அதிகம் என்றால் அந்தப் பத்துப் பேர் பார்க்கும் வாய்ப்பும் அதிகம்.

மற்றபடி நல்ல யோசனை. பணி நேரத்தில், பணி வண்டியில் எடுப்பதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். பின்னணியில் கேஸ் ஷீட், வெள்ளைப் பலகை, டேப்லெட் திரை இருக்கிறதா என்று பார்க்கட்டும். மிக முக்கியமாக கமென்ட். "நேத்து அந்த விபத்துக்கு நீங்கதானே போனீங்க, அந்தப் பொண்ணு பிழைச்சுட்டாளா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஒரு இதய எமோஜிகூடப் பதில்தான். கேஸ் பற்றிக் கேட்டால் நீக்கிவிடுவது, முடியாவிட்டால் கமென்ட்டையே மூடிவிடுவது.

ஸ்டியரிங்_ராஜா

கடைசியாக ஒன்று. எங்கள் வண்டியில் முன்னால் டேஷ்கேம் இருக்கிறது. ரோட்டைத்தான் எடுக்கிறது, நோயாளியை இல்லை. வழி விடாத கார்களை வெட்டிப் போடலாம் என்று பசங்க சொல்கிறார்கள். அது பரவாயில்லைதானே?

ஃபைல்_ஃபோல்டர்

அண்ணே, அந்த கேமராவில் மைக் இருக்கிறதா பாருங்கள். பின்னால் அழுகிற சத்தமும், வாக்கி டாக்கியில் சொல்லும் வயசும் முகவரியும் அதில் பதிவாகும். அப்புறம் நம்பர் பிளேட், தேதி, நேரம். ஆடியோவை அடியோடு நீக்காமல் வெளியே விடாதீர்கள்.

அரைநாள்_வக்கீல்

அந்தப் பதிவு நிர்வாகத்துடையது அண்ணே, பசங்களுடையது இல்லை. வழி விடாத கார் என்றால் போக்குவரத்துப் போலீசுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்_ராஜா

மைக் இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நாளைக்கு சூப்பர்வைசரிடம் சொல்லி ஆஃப் பண்ணச் சொல்கிறேன்.